ஸ்மார்ட் அட்டை ரீடர் ட்ரைவருக்குப் பொதுவான இணக்கச் சோதனை: எதன்மேல் கட்டுவது?

வந்தாறுமூலையில் இரண்டு பேர், ஒலுவிலில் மூன்று பேர், கல்முனையில் ஒரு கணினி திருத்தும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்திலும் ஸ்மார்ட் அட்டை ரீடர் இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு தயாரிப்பு. ஒருவர் ட்ரைவரில் (கணினியை ரீடருடன் பேசவைக்கும் மென்பொருளில்) ஒரு வரியை மாற்றினால் மற்ற இரண்டு இடத்தில் ஏதும் உடைகிறதா என்று பார்க்க, எல்லாருக்கும் பொதுவான சோதனைத் தொகுதி ஒன்று வேண்டும். இப்படிச் சிறு குழுக்களாக வேலை செய்பவர்கள் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: சோதனையை எதன்மேல் ஓட்டுவது? உண்மையான ரீடரிலா, கணினிக்குள் உருவாக்கிய போலி அட்டையிலா, போலி ரீடரிலா, முன்பே பதிந்து வைத்த யூஎஸ்பி உரையாடலிலா?

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். போலி ரீடரில் தொடங்குங்கள். உண்மை ரீடர்கள் கொண்ட பெட்டி ஒன்றை ஒரே இடத்தில் வையுங்கள். போலி அட்டையை மட்டும் வைத்து ஓட்டிவிட்டு ட்ரைவரைச் சோதித்தோம் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். காரணங்கள் கீழே.

## ட்ரைவர் எங்கே நிற்கிறது

செயலி பேசுவது பிசிஎஸ்சி எனும் இடைமுகத்துடன். லினக்ஸில் பிசிஎஸ்சி-லைட் சேவை அதை வாங்கி, ஐஎப்டி ஹேண்ட்லர் எனும் இன்னொரு இடைமுகம் வழியாக ட்ரைவரை அழைக்கும். ட்ரைவர் தன் கீழ்ப்பக்கத்தில் யூஎஸ்பி வழியே சிசிஐடி தரத்தில் ரீடருடன் பேசும். அதற்கும் கீழே ரீடருக்கும் அட்டைக்கும் இடையில் ஐஎஸ்ஓ 7816 தரத்தில் டி=0 (பைட் பைட்டாக) அல்லது டி=1 (தொகுதி தொகுதியாக) உரையாடல் நடக்கும்.

ஆகவே ட்ரைவருக்கு மேல் முகம், கீழ் முகம் என்று இரண்டு உண்டு. கீழ் முகம் உயிரோடு இல்லாத சோதனை, பாதி ட்ரைவரைக்கூடப் பார்த்ததாகாது.

இன்னொரு வேறுபாட்டையும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். ரீடர் தன் யூஎஸ்பி விவரிப்பில் (தன்னைப் பற்றிக் கணினிக்குக் கொடுக்கும் தரவில்) எந்த மட்டத்தில் பரிமாறுவேன் என்று சொல்லும். டிபிடியூ மட்டம் (அட்டையின் நெறிமுறை கேட்கும் வடிவில் தயாரான துண்டுகள்) என்று சொன்னால் டி=1 நெறிமுறையின் தொகுதி பிரித்தல், சரிபார்ப்பு பைட், மீள அனுப்பல் எல்லாம் ட்ரைவரின் தலையில். ஏபிடியூ மட்டம் (செயலி கொடுத்த முழுக் கட்டளை அப்படியே) என்றால் அந்த வேலையை ரீடரின் உள் மென்பொருளே செய்யும். ஒரே சோதனை, ஒரே அட்டை. ஆனால் ஓடும் கோட் வேறு. ஏபிடியூ மட்ட ரீடரில் மட்டும் ஓட்டிப் பார்த்தவர், டி=1 கோடின் ஒரு வரியையும் தொட்டிருக்க மாட்டார்.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

முதலாவது, ட்ரைவரின் கோட் உண்மையில் ஓடுகிறதா. இரண்டாவது, கெட்ட நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்க முடியுமா: பதில் தாமதம், பிழையான சரிபார்ப்பு பைட், பாதியில் இழுத்தெடுத்த அட்டை. மூன்றாவது, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் ஒரே விடை வருமா. நான்காவது, பகிர்வதன் செலவு: பொருள், நேரம், இரகசியம். ஐந்தாவது, ஒரு சோதனை தோற்றால் பிழை அட்டையிலா, ரீடரிலா, ட்ரைவரிலா, சோதனையிலேயேயா என்று பிரித்துச் சொல்ல முடியுமா.

ஐந்தாவதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பொதுச் சோதனையில் அதுதான் முதலில் சண்டையை மூட்டும்.

## வழி ஒன்று: உண்மை ரீடர், உண்மை அட்டை

குறைந்தது நான்கு ரீடர் தேவை. டிபிடியூ மட்டம் ஒன்று, குறும் ஏபிடியூ மட்டம் ஒன்று, நீள் ஏபிடியூ மட்டம் ஒன்று. நான்காவது, அட்டை செருகியதைத் தானாக அறிவிக்கும் யூஎஸ்பி குறுக்கீட்டு வழி இல்லாதது. அப்படிப்பட்ட ரீடரை பிசிஎஸ்சி-லைட் 400 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கேட்டுக்கேட்டுத்தான் அட்டை வந்ததை அறியும். செருகல் சோதனைகள் அதில் வேறு விதமாக நடக்கும். வாங்கும் முன் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் விவரிப்பைப் படித்துப் பாருங்கள். சிசிஐடி ட்ரைவரின் மூலக்கோடுடன் அதற்கான சிறு கருவி ஒன்று வருகிறது.

அட்டை ஆறு: டி=0 மட்டும் பேசுவது, டி=1 மட்டும் பேசுவது, இரண்டும் பேசுவது, பிட்களைத் தலைகீழ் மரபில் அனுப்புவது (ஏடிஆரின், அதாவது மின் கொடுத்ததும் அட்டை அனுப்பும் அறிமுகப் பதிலின், முதல் பைட் 3எப் ஆக இருக்கும்), சோதனை ஆப்லெட் (அட்டைக்குள் ஓடும் சிறு நிரல்) ஏற்றிய ஜாவா கார்ட் இரண்டு. இரண்டாவது ஜாவா கார்ட், முதலாவது கெட்டால் மாற்றாக. கட்டாயம் வையுங்கள்.

ஆப்லெட்டில் நான்கு கட்டளை போதும்: அனுப்பியதைத் திருப்பி அனுப்பு, கேட்ட அளவு பைட் கொடு, கேட்ட செக்கன் காத்திருந்து பதில் சொல், கேட்ட நிலைச் சொல்லை (கட்டளையின் முடிவைச் சொல்லும் இரண்டு பைட்) திருப்பு. நீள் ஏபிடியூ சோதிக்க வேண்டுமானால் ஜாவா கார்ட் 2.2.2 அல்லது அதற்குப் பிந்திய அட்டையாக இருக்க வேண்டும்.

நீளங்களைக் கண்டபடி எடுக்காதீர்கள். முழுவேக யூஎஸ்பியில் ஒரு பொட்டலம் 64 பைட். சிசிஐடி தலைப்புக்கு 10 போனால் மிச்சம் 54. டி=0 இலும் ஏபிடியூ மட்டத்திலும் கட்டளைத் தலைப்பு 5 பைட்; ஆக 49 பைட் தரவு அனுப்பும்போது செய்தி சரியாக 64 இல் முடியும். டிபிடியூ மட்ட டி=1 இல் தொகுதிக்கு முன் 3 பைட், பின்னால் 1 பைட் சேரும்; அங்கே அந்த எல்லை 45. செய்தி முடிந்ததை நீளத்தைப் பார்த்து அறிவதா, வெற்றுப் பொட்டலத்துக்குக் காத்திருப்பதா என்று ரீடரும் ட்ரைவரும் முரண்படுகிற இடம் இதுதான். எல்லைக்கு ஒன்று குறைவாக, எல்லையில், ஒன்று கூடுதலாக என மூன்றையும் ஓட்டுங்கள். மேல் எல்லைக்கு 255, 256, 257. குறும் ஏபிடியூ மிகக் கூடினால் 261 பைட், தலைப்புடன் 271.

இந்த வழியின் பலம், வேறெதிலும் பிடிபடாத பிழைகள். 5, 3, 1.8 வோல்ட் என மின்னழுத்தம் மாறும்போது மௌனமாகும் அட்டை, ரீடரின் உள் மென்பொருள் தரத்தை மீறும் இடம், கேபிளைத் தட்டினால் வரும் துண்டிப்பு, எல்லாம் இங்கேதான் தெரியும்.

மறைந்த செலவுகள் நிறைய. பின் எண்ணை (அட்டையின் இரகசிய எண்ணை) தவறாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை, எண்ணிக்கை முடிந்ததும் அட்டையைப் பூட்டிவிடும்; ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் சரியான பின்னைக் கொடுத்து எண்ணியை மீட்டெடுக்க வேண்டும். ஜாவா கார்ட்டில் ஆப்லெட் ஏற்றும் திறப்பு பெரும்பாலும் 40 இலிருந்து 4எப் வரையான பைட் வரிசை, ஆனால் எல்லா அட்டையிலும் அல்ல. தவறான திறப்பைத் திரும்பத் திரும்ப முயன்றால் அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும். கையில் இருக்கிறதே என்று சொந்த வங்கி அட்டையைச் செருகி ஓட்ட வேண்டாம். கொடுக்கல் வாங்கலைத் தொடங்கும் கட்டளை ஒவ்வொரு முறையும் அட்டைக்குள் இருக்கும் எண்ணியை ஒன்று கூட்டும். அதைத் திருப்ப முடியாது.

கல்லடி தொடங்கி காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை கடல் ஒருபக்கம், பல இடங்களில் வாவி மறுபக்கம். உப்புக் காற்றில் ரீடரின் தொடுமுனை மங்கும். அப்போது வரும் விளைவு 'அட்டை பேசவில்லை' என்ற பிழை. ட்ரைவர் கெட்டால் வருவதும் அதே பிழைதான். பெட்டியை இறுக்கமான மூடியுடன், சிலிக்கா ஜெல் பொதியுடன் வையுங்கள். மாதம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட துப்புரவு அட்டையைச் செருகி எடுங்கள்.

பெட்டி வந்தாறுமூலையில், ஆள் ஒலுவிலில் என்றால் அந்தக் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து ஓட்டுவதே நல்லது. ஆனால் பல லினக்ஸ் பதிப்புகளில் அனுமதி பார்க்கும் போல்கிட் சேவை, தூரத்திலிருந்து நுழைந்தவருக்குப் பிசிஎஸ்சியை மறுத்துவிடும். சோதனைப் பயனருக்கென ஓர் அனுமதி விதி எழுதாதவரை 'அணுகல் மறுப்பு' வந்துகொண்டே இருக்கும். யூஎஸ்பி-ஐபி கொண்டு ரீடரையே வலைவழி கடத்தலாம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் வலைத் தாமதம் ஏறுவதால் நேரம் சார்ந்த சோதனை எதையும் நம்ப முடியாது.

## வழி இரண்டு: போலி அட்டை

விஸ்மார்ட்கார்ட் திட்டத்தின் விபிசிடி இதற்குப் பெயர் பெற்றது. நிறுவிவிட்டு, 35963 எண் போர்ட்டில் மென்பொருள் அட்டை ஒன்றை இணைத்தால், செயலிக்கு உண்மை ரீடரில் அட்டை செருகியது போலவே தெரியும். வன்பொருள் செலவு ஒன்றுமில்லை. மூன்று இடத்திலும் ஒரே விடை வரும். சில நிமிடத்தில் தயார்.

ஆனால் விபிசிடி, தானே ஓர் ஐஎப்டி ஹேண்ட்லர். அதாவது நீங்கள் சோதிக்க நினைத்த ட்ரைவரின் இருக்கையில் அது அமர்ந்துவிட்டது. சிசிஐடி கோட் ஒன்றும் ஓடவில்லை. நூறு சோதனை பச்சையாக வந்தாலும் ட்ரைவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு ஒரே ஒரு நல்ல இடம் உண்டு: சோதனைகளையே சோதிப்பதற்கு. ஒலுவிலில் ஒருவர் புதிய சோதனை எழுதினால், பெட்டிக்கு அனுப்பும் முன் போலி அட்டையில் ஓட்டி எழுத்துப் பிழைகளைத் தீர்க்கலாம். செயலி எழுதுபவருக்கும் இது நல்ல வழி. ட்ரைவர் எழுதுபவருக்கு இல்லை.

## வழி மூன்று: போலி ரீடர்

இங்கே போலியாவது யூஎஸ்பிக்கு அப்பால் இருப்பது. கணினிக்கு உண்மையான சிசிஐடி ரீடர் ஒன்று செருகியதாகத் தெரியும். ட்ரைவர் மாற்றமின்றி முழுதாக ஓடும்.

மூன்று விதமாகக் கட்டலாம். எளியது, கியூஎம்யூ மெய்நிகர் கணினியில் இருக்கும் சிசிஐடி ரீடர். உடனே கிடைக்கும், ஆனால் ஒழுங்காக நடந்துகொள்ளும் ரீடர் அது, கெட்டுப்போகச் சொல்ல அதன் கோடைத் திருத்த வேண்டும். இரண்டாவது, லினக்ஸ் கருவின் (கேர்னல்) ரோ-கேட்ஜெட் இடைமுகமும் டம்மி-எச்சிடி மொடியூலும்: ஒரே கணினிக்குள் போலி யூஎஸ்பி சாதனமும் அதை ஏற்கும் பக்கமும். ரோ-கேட்ஜெட் 2020 இல் 5.7 பதிப்புடன் கருவுக்குள் வந்தது. டம்மி-எச்சிடியைப் பல விநியோகங்கள் தயாராகத் தருவதில்லை, நீங்களே தொகுக்க வேண்டிவரும். மூன்றாவது, ராஸ்பெரி பை சீரோ போன்ற சிறு பலகையை யூஎஸ்பி சாதனமாக மாற்றி உண்மைக் கேபிளில் செருகுவது. விண்டோஸ் கணினியையும் சோதிக்க வேண்டுமானால் இதுதான் வழி.

இதன் பெறுமதி, ரீடரைக் கெடுக்க முடிவதில். கீழே உள்ளவற்றை உண்மை ரீடரில் கேட்டு வாங்கவே முடியாது:

- முந்திய கட்டளையின் வரிசை எண்ணுடன் பதில் அனுப்பு. ட்ரைவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.
- 'இன்னும் நேரம் வேண்டும்' என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பிறகு பதில் கொடு. பொறுமையில்லாத ட்ரைவர் இரண்டாவதிலேயே பிழை திருப்பும்.
- தலைப்பில் 20 பைட் என்று சொல்லி 12 பைட் மட்டும் அனுப்பு. பிறகு 12 என்று சொல்லி 20 அனுப்பு. நினைவக மீறல் இருந்தால் இங்கே வெளிப்படும்.
- 33 பைட்டுக்கு மேல் நீண்ட ஏடிஆர் கொடு. சரிபார்ப்பு பைட் பிழையான ஏடிஆர் கொடு.
- டிபிடியூ மட்ட ரீடராக நடித்து, டி=1 தொகுதியின் சரிபார்ப்பு பைட்டைக் கெடு. ட்ரைவர் மீள அனுப்பக் கேட்க வேண்டும். தொடர்ந்து கெட்டுக்கொண்டே போனால் முடிவில்லாமல் சுழலாமல் நிறுத்தவும் வேண்டும்.
- பதில் பாதியில் இருக்கும்போது யூஎஸ்பியையே துண்டி.

மறைந்த செலவு, போலி ரீடரை எழுதுவதே. ஏபிடியூ மட்ட ரீடர் எழுதுவது இலகு. டிபிடியூ மட்டம் என்றால் அட்டைப் பக்கத்து டி=1 முழுவதையும் எழுத வேண்டும்: தகவல் தொகுதி, ஏற்புத் தொகுதி, மேற்பார்வைத் தொகுதி. ட்ரைவர் முதலில் தன் தொகுதி அளவு 254 என்று அறிவிக்கலாம். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத போலி ரீடர் முதல் அடியிலேயே விழும். இந்தப் பாகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், பிழைகள் கூடுதலாக ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

சாதன அடையாள எண்ணிலும் கவனம் வேண்டும். லுடோவிக் ரூசோ பராமரிக்கும் சிசிஐடி ட்ரைவர், அறிந்த ரீடர்களை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது: விற்பனையாளர் எண், பொருள் எண், பெயர் என மூன்று வரிசை. புதிய ரீடரைச் சேர்க்கும்போது மூன்றிலும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், ஒன்றில் தவறினால் பெயர்கள் மாறிப்போகும். ஏற்கெனவே உள்ள ரீடரின் எண்ணைக் கடன் வாங்கினால், அந்த ரீடருக்கென்றே எழுதிய விசேட கோட் ஓடத் தொடங்கும். தெரிந்து செய்தால் அது அருமையான சோதனை. தெரியாமல் செய்தால் விளங்காத தோல்வி.

போலி ரீடர் சொல்லாதது ஒன்று உண்டு. தரத்தை நீங்கள் எப்படி வாசித்தீர்களோ அப்படித்தான் அது நடக்கும். நீங்களும் ட்ரைவர் எழுதியவரும் ஒரே தவறாக வாசித்திருந்தால் சோதனை சந்தோஷமாகத் தேறிவிடும்.

## வழி நான்கு: பதிந்து திரும்ப ஓட்டுவது

லினக்ஸின் யூஎஸ்பிமோன், வயர்ஷார்க் கொண்டு உண்மை ரீடரின் உரையாடலைப் பதிந்து, பிறகு ரீடர் இல்லாமலே ட்ரைவருக்கு அதே பதில்களைக் கொடுப்பது. கல்முனைக் கடைக்கு ஒருநாள் மட்டும் வந்து போகும் அரிய ரீடருக்கு இது மிகப் பொருத்தம்.

ஆனால் ட்ரைவர் கட்டளை வரிசையைச் சற்று மாற்றினாலே பதிவு பொருந்தாது. பிழை இல்லாமலே தோற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பதிவில் பின் எண் பச்சையாக இருக்கும். அட்டைக்காரரின் பெயர், சான்றிதழ் எல்லாம் இருக்கலாம். பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே சோதனை அட்டையில் மட்டும் பதியுங்கள். வாடிக்கையாளரின் அட்டையில் ஒருபோதும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உண்மை ரீடர் | போலி அட்டை | போலி ரீடர் | பதிவு |
|---|---|---|---|---|
| ட்ரைவர் கோட் ஓடுமா | முழுதும் | ஓடாது | முழுதும் | பதிந்த பாதை மட்டும் |
| பிழையை உண்டாக்கலாமா | மிகக் குறைவு | அட்டைப் பிழை மட்டும் | தாராளமாக | பதிந்தது மட்டும் |
| எங்கும் ஒரே விடையா | இல்லை | ஆம் | ஆம், நேரச் சோதனை தவிர | ஆம் |
| பகிர்வுச் செலவு | பொருள், பராமரிப்பு | இல்லை | எழுதும் உழைப்பு | இரகசியம் காத்தல் |
| மின், தொடுமுனைப் பிழை | பிடிபடும் | இல்லை | இல்லை | இல்லை |

## யாருக்கு எது

ட்ரைவரையே மாற்றி எழுதுபவர்களுக்குப் போலி ரீடர். ரீடர் வாங்கி நிறுவிக் கொடுக்கும் கடைக்கு உண்மை ரீடர் பெட்டியும் ஆறு அட்டையும் போதும். போலி ரீடர் எழுத மெனக்கெட வேண்டாம். அட்டைச் செயலி மட்டும் எழுதும் மாணவருக்குப் போலி அட்டை. மூன்று தரப்பும் சேர்ந்த குழுவானால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் போலி ரீடர் ஓடட்டும், வெளியீட்டுக்கு முன் ஒருமுறை பெட்டியில் ஓடட்டும்.

விண்டோஸிலும் ஓட வேண்டிய சோதனைகளைப் பிசிஎஸ்சி மட்டத்தில் எழுதுங்கள். பைத்தன் மொழியின் பைஸ்கார்ட் நூலகம் அதற்கு வசதி. மூன்று இடத்தில் இடறும். ரீடரின் பெயருக்குப் பின்னால் லினக்ஸ் '00 00' என்று சேர்க்கும், விண்டோஸ் '0' மட்டும், முழுப்பெயரை ஒப்பிடாதீர்கள். விண்டோஸ் 8 இலிருந்து, பரிமாற்றத்தைப் பூட்டி வைத்துவிட்டு 5 செக்கனுக்கு மேல் எதுவும் அனுப்பாவிட்டால் அட்டை மீளத் தொடங்கிவிடும். மெதுவான சோதனை காரணமின்றித் தோற்கும். 64 பிட் லினக்ஸில் பிசிஎஸ்சியின் நீள எண் 8 பைட், விண்டோஸிலும் மேக்கிலும் 4. சி மொழியில் எழுதுபவர்கள் இதில் நாள்கணக்காகத் தொலைவார்கள்.

## தோற்றால் யார் பிழை

விடையை 'தேறியது', 'தோற்றது' என்று இரண்டாக மட்டும் வைத்தால் பொதுத் தொகுதி ஒரு மாதம் தாங்காது. இன்னும் மூன்று வேண்டும்: 'இந்த ரீடருக்குப் பொருந்தாது', 'அறிந்த விலகல்', 'ஓட்ட முடியவில்லை'. நீள் ஏபிடியூவை விவரிப்பில் அறிவிக்காத ரீடர் அந்தச் சோதனையில் தோற்கவில்லை. அதற்கு அது பொருந்தாது.

டி=0 அட்டை 'மிச்சம் இருக்கிறது, கேள்' என்று 61 இல் தொடங்கும் நிலைச் சொல்லைக் கொடுப்பதும் இப்படித்தான். டிபிடியூ மட்ட ரீடரில் அது செயலிவரை வரும். ஏபிடியூ மட்ட ரீடரில் உள் மென்பொருளே மிச்சத்தை வாங்கி 90 00 (வெற்றி) உடன் தரலாம். இரண்டையும் ஏற்காத சோதனைதான் பிழை.

தோல்வி ஒன்று வந்தால் இந்த ஒழுங்கில் போங்கள். முதலில் அந்தக் கணினியில் ஜினுபிஜி எனும் குறியாக்க மென்பொருளின் அட்டைச் சேவை ஓடுகிறதா பாருங்கள். அது ரீடரை நேரடியாகப் பிடித்துக்கொண்டால் பிசிஎஸ்சிக்குக் கிடைக்காது. அடுத்து தொடுமுனையைத் துடைத்து அதே அட்டையைத் திரும்பச் செருகுங்கள். பிறகு அட்டையை மாற்றுங்கள், ரீடர் அதே. பிறகு ரீடரை மாற்றுங்கள், அட்டை அதே. இன்னும் தோற்றால் பிசிஎஸ்சி-லைட்டை முன்னணியில், முழுப் பதிவுடன் ஓட்டி, அந்தப் பதிவையும் ட்ரைவரின் பதிப்பு எண், ரீடரின் உள் மென்பொருள் பதிப்பு, ஏடிஆர் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதே நிலைமையைப் போலி ரீடரில் உண்டாக்கிப் பாருங்கள். அங்கேயும் தோற்றால் ட்ரைவரின் பேரில் பிழை எழுதலாம். தேறினால் உண்மை ரீடரின் பதிவைப் போலி ரீடரின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் பிரியும் முதல் பைட்டைத் தேடுங்கள். போலி ரீடருக்கு அடுத்து எழுத வேண்டிய சோதனை அந்த பைட்டில்தான் இருக்கிறது.